பாறைகளைப் படித்த நங்கை ஃபிளாரன்ஸ் பாஸ்கம்

ஆண்டுதோறும் மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் பள்ளி வளாகத்தில் ஒரே கேள்வி பல குரல்களில் எழுவதைக் கேட்கிறோம். அடுத்து என்ன படிப்பது? எந்தக் கல்லூரியில் சேர்வது? பெற்றோர் மகளை உடன் அழைத்துக்கொண்டு அருட்சகோதரியரிடம் ஆலோசனை கேட்க வருகின்றனர். மருத்துவம், பொறியியல், வணிகவியல், ஆசிரியப் பயிற்சி என்று நாம் முன்பே அறிந்த சில பாதைகளைச் சுற்றியே பேச்சு நிகழ்கிறது. நம் காலடியில் கிடக்கும் கல்லையும் மண்ணையும் பாடமாகக் கொண்ட நிலவியல் என்னும் துறையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அது ஆண்கள் படிக்கும் படிப்பு, காட்டிலும் மலையிலும் அலையும் வேலை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

இந்த எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்க நாட்டிலும் கற்றோர் பலர் இவ்வாறே எண்ணினர். அந்த எண்ணத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஃபிளாரன்ஸ் பாஸ்கம் அம்மையார். அவர் தாம் படித்ததோடு நின்றுவிடவில்லை. தமக்குப் பின் வரும் பெண்கள் நிலவியலை முறையாகப் பயில ஒரு பாடத்திட்டத்தை வகுத்தார். அது குறைக்கப்பட இருந்தபோது தம் பதவியையே துறக்கத் துணிந்து அதைக் காத்தார். அன்னாரின் வரலாற்றை நம் மாணவியர் அறிந்திருப்பது நலம் என எண்ணி, இங்குச் சுருக்கமாகத் தருகிறோம்.

நிலவியல் என்றால் என்ன?

வரலாற்றுக்குள் நுழையுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். நாம் வகுப்பில் படிக்கும் புவியியல் வேறு; நிலவியல் வேறு. மலை எங்கே இருக்கிறது, ஆறு எங்கே ஓடுகிறது, அங்கே மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பவற்றைப் புவியியல் கூறும். அந்த மலை எதனால் ஆனது, எப்போது எழுந்தது, அதன் அடியில் என்ன உள்ளது என்பவற்றை நிலவியல் ஆராயும். கிணறு தோண்டவும், அணை கட்டவும், சுரங்கம் வெட்டவும், நிலநடுக்கத்தின் காரணம் அறியவும் நிலவியல் அறிவு வேண்டும்.

இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர் நம் திருச்சபையின் ஆயர் என்பதை எண்ணி நாம் மகிழலாம். டென்மார்க் நாட்டில் 1638ஆம் ஆண்டு பிறந்த நீல்ஸ் ஸ்டென்சன் என்பவரே அவர். கலையாத படிவங்களில் கீழ் அடுக்கு முந்தியது, மேல் அடுக்கு பிந்தியது என்னும் விதியை அவர் 1669இல் எழுதி வெளியிட்டார். கத்தோலிக்க மறையைத் தழுவி, குருவாகி, 1677இல் ஆயராகி, ஏழ்மையில் வாழ்ந்து மறைந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988ஆம் ஆண்டு அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கினார். இத்தகைய அறிஞர்கள் தொடங்கிவைத்த கல்வியைத்தான் இரு நூற்றாண்டுகள் கழித்து பாஸ்கம் அம்மையார் பெண்களுக்கு உரியதாக ஆக்கினார்.

பிறப்பும் இளமையும்

ஃபிளாரன்ஸ் பாஸ்கம் 1862ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 14ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜான் பாஸ்கம் அவ்வூர்க் கல்லூரியில் பேராசிரியர். தாய் எம்மா பாஸ்கம் ஆசிரியையாகப் பணிபுரிந்தவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று அயராது உழைத்தவர். அந்த உரிமை அமெரிக்கப் பெண்கள் அனைவருக்கும் சட்டமாக வந்தது 1920இல்தான். அப்போது மகளுக்கே 58 வயது.

ஃபிளாரன்சுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, 1874இல், தந்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். குடும்பம் மாடிசன் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பறையில் ஒரே பாடத்தைப் பயில வேண்டும் என்பது ஜான் பாஸ்கமின் உறுதியான கொள்கை. வீட்டில் பேசிய கொள்கையையே அவர் பல்கலைக்கழகத்திலும் நடத்திக் காட்ட முயன்றார்.

ஆயினும் பாதை எளிதாக இருக்கவில்லை. மாணவியர் நூலகத்தைப் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. மாணவர்களால் நிரம்பிவிட்ட வகுப்பில் மாணவியருக்கு இடம் இல்லை. தலைவரின் மகள் என்பதற்காக ஃபிளாரன்சுக்குத் தனிச் சலுகை ஏதும் கிடைத்துவிடவில்லை. இத்தனைக்கும் நடுவே அவர் 1882இல் கலையிலும் இலக்கியத்திலும் இரு இளநிலைப் பட்டங்களைப் பெற்றார்.

அதுவரை நிலவியல் அவருடைய எண்ணத்தில் உறுதியாக இடம்பெற்றிருக்கவில்லை. ஒரு முறை அவர் தம் தந்தையோடும், தந்தையின் நண்பரான நிலவியல் பேராசிரியர் எட்வர்ட் ஆர்ட்டனோடும் வண்டியில் பயணம் செய்தார். வழியில் தென்பட்ட நிலத்தோற்றம் எவ்வாறு உருவானது என்று ஆர்ட்டன் விளக்கினார். எல்லாரும் நாள்தோறும் காணும் மேடும் பள்ளமும் ஒரு நீண்ட வரலாற்றைத் தம்முள் அடக்கியிருப்பதை அன்று ஃபிளாரன்ஸ் உணர்ந்தார். ஓர் ஆசிரியர் போகிற போக்கில் தரும் விளக்கம் ஒரு மாணவியின் வாழ்க்கைப் பாதையையே முடிவு செய்துவிடக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

அடிமேல் அடி வைத்து

நிலவியல் படிக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தவுடன் அவர் அவசரப்படவில்லை. மீண்டும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1884இல் அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றார். இடையில் வர்ஜீனியா மாநிலத்தில் கறுப்பின மாணவருக்கும் அமெரிக்கப் பழங்குடி மாணவருக்கும் கல்வி அளித்துவந்த ஹாம்ப்டன் நிறுவனத்தில் ஓராண்டு ஆசிரியப் பணி புரிந்தார். பின்னர் விஸ்கான்சினுக்கே திரும்பி, ரோலண்ட் இர்விங், சார்லஸ் வான் ஹைஸ் ஆகிய பேராசிரியர்களிடம் பயின்று, 1887இல் நிலவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் நிலவியலில் ஒரு புதிய முறை பரவிவந்தது. பாறையிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, கண்ணாடித் தகட்டின்மேல் ஒட்டி, ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு கனமே எஞ்சும்வரை தேய்ப்பார்கள். கருங்கல்லும் அந்த அளவுக்கு மெல்லியதானால் அதனூடே ஒளி செல்லும். அதை நுண்ணோக்கியின் கீழ் வைத்துச் சிறப்பு முறையில் ஒளியைச் செலுத்தினால், ஒவ்வொரு கனிமமும் தனக்கே உரிய நிறத்தோடும் வடிவத்தோடும் தோன்றும். வெளியே சாம்பல் நிறமாகக் கிடக்கும் கல், உள்ளே கோயில் சாளரத்து வண்ணக் கண்ணாடிபோல் ஒளிரும். எந்தக் கனிமம் முதலில் உருவானது, எது பின்னர் சேர்ந்தது என்பதையும் அதில் படித்தறியலாம். இக்கலையில் தேர்ச்சி பெற வேண்டும் என்று ஃபிளாரன்ஸ் விரும்பினார்.

ராக்ஃபோர்டு பெண்கள் கல்லூரியில் 1887 முதல் 1889 வரை ஆசிரியையாக இருந்த பின், முனைவர் பட்டத்திற்காக அவர் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை நாடினார். பாறைகளை நுண்ணோக்கியால் ஆராய்வதில் பெயர்பெற்ற ஜார்ஜ் ஹன்டிங்டன் வில்லியம்ஸ் அங்குப் பேராசிரியராக இருந்தார். ஆனால் அப்பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்ப்பதில்லை.

திரைக்குப் பின்னால்

நெடிய முயற்சிக்குப் பின் 1891இல் அவருக்கு அனுமதி கிடைத்தது. கிடைத்த அனுமதியும் அரைகுறையானதே. அவர் வகுப்புக்கு வரலாம். ஆனால் பெயர் முறைப்படி பதிவேட்டில் இடம்பெறாது. வகுப்பறையின் மூலையில் ஒரு திரையை நிறுத்தி, அதன் பின்னால் அவரை அமரச் செய்தனர். ஒரு பெண்ணைக் கண்டால் மாணவர்களின் கவனம் சிதறிவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

சற்று எண்ணிப் பார்ப்போம். அவருக்கு அப்போது ஏறத்தாழ முப்பது வயது. கையில் நான்கு பட்டங்கள். கல்லூரியில் பிறருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அத்தகையவரை ஒரு மூலையில் மறைத்து அமர்த்தினர். மனம் புண்பட்டு அவர் ஊர் திரும்பியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ திரைக்குப் பின்னாலிருந்தே குறிப்பெடுத்தார். வகுப்பு முடிந்ததும் ஆய்வுக்கூடத்துக்கும், விடுமுறை வந்ததும் மலைக்கும் சென்றார்.

அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள சவுத் மவுண்டன் என்னும் மலைப்பகுதி. அங்குள்ள பாறைகளில் ஒரு பகுதியை, நீரின் அடியில் மணலும் களிமண்ணும் படிந்து இறுகிய படிவுப் பாறை என்றே அதுவரை கருதிவந்தனர். பாஸ்கம் அம்மையார் அவற்றைச் சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். உருகிய குழம்பு ஓடும்போது ஏற்படும் கோடுகளும், குழம்பிலிருந்த வளிக்குமிழிகள் விட்டுச் சென்ற குழிகளும் அங்கே தெரிந்தன. ஆகவே அவை எரிமலையிலிருந்து வழிந்த குழம்பு இறுகி உண்டானவை. பின்னர் நீண்ட காலம் நிலத்தின் அழுத்தத்துக்கு உள்ளாகித் தம் பழைய உருவத்தை இழந்தவை என்று அவர் நிறுவினார். ஐம்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட எரிமலைகளின் எச்சங்கள் அவை என்பதை இன்று நாம் அறிவோம். அவ்வாறு மாறிய எரிமலைப் பாறைகளின் மூலத்தை உணர்த்தும் பெயரீட்டு முறை ஒன்றையும் அவர் புகுத்தினார்.

ஆய்வின் தரத்தை மறுக்க இயலாத நிலையில், 1893இல் தனி ஒப்புதல் அளித்து அவருக்கு முனைவர் பட்டம் வழங்கினர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவரே. அவருக்கு முன்பே 1882இல் கிறிஸ்டின் லாட் என்னும் அம்மையார் கணிதத்தில் அதற்குரிய பணிகளை அங்கு முடித்திருந்தும், பெண் என்ற காரணத்தால் அவருக்குப் பட்டம் மறுக்கப்பட்டது. 1926இல்தான் அது அவர் கைக்கு வந்தது. அப்பல்கலைக்கழகத்தின் மேற்பட்டப் படிப்புகள் பெண்களுக்குப் பொதுவாகத் திறந்துவிடப்பட்டதும் 1907இல்தான்.

ஈராண்டுப் பாடத்திட்டம்

இரண்டு ஆண்டுகள் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தம் பழைய வழிகாட்டியான ஆர்ட்டனிடம் பணியாற்றிய பின், 1895இல் பாஸ்கம் அம்மையார் பென்சில்வேனியாவில் பிலடெல்பியா நகரை அடுத்துள்ள பிரின் மார் பெண்கள் கல்லூரிக்கு வந்தார். குவேக்கர் சபையைச் சேர்ந்த ஒருவரின் கொடையால் 1885இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. பெண்களுக்கும் முனைவர் பட்டம்வரை கல்வி தர வேண்டும் என்பது அதன் நோக்கம்.

ஆனால் அங்கே நிலவியலுக்கு ஒரு துறையே இல்லை. வேதியியலுக்கும் உயிரியலுக்கும் கட்டிய கட்டிடத்தில், பொருள்களைப் போட்டு வைக்கும் இடம் ஒன்றே அவருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கிருந்துதான் அவர் தொடங்கினார். பாறைகள், கனிமங்கள், புதைபடிவங்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேகரித்து, பெயரிட்டு, அடுக்கி வைத்தார். சில ஆண்டுகளிலேயே மாணவியர் கையிலெடுத்துப் பயிலத்தக்க நல்லதொரு தொகுப்பு அங்கே உருவாயிற்று.

அக்கல்லூரியில் ஒரு மாணவி தான் தேர்ந்தெடுக்கும் முதன்மைப் பாடத்தை ஈராண்டு காலம் தொடர்ந்து பயில வேண்டும். நிலவியலும் அத்தகைய முழுமையான முதன்மைப் பாடமாக விளங்க வேண்டும் என்பது பாஸ்கம் அம்மையாரின் உறுதி. ஈராண்டுக்குள் ஒரு துறையைக் கற்பிக்க வேண்டுமானால் நன்கு திட்டமிட வேண்டும். நிலவியலில் இந்த வரிசை மிகவும் இன்றியமையாதது. படிகக்கல், ஃபெல்ஸ்பார், காக்காப்பொன் முதலிய கனிமங்களை அறியாமல் பாறையை அறிய இயலாது. பாறையை அறியாமல் மலையின் அமைப்பை அறிய இயலாது. கனிமத்தின் இயல்பை உணர வேதியியல் வேண்டும். நுண்ணோக்கியில் ஒளி நடக்கும் விதத்தை உணர இயற்பியல் வேண்டும். பாறை அடுக்கு எத்திசையில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்கக் கணிதம் வேண்டும். பழைய அடுக்குகளில் புதைந்துள்ள சிப்பியையும் செடியையும் இனம் காண உயிரியல் வேண்டும்.

இவை அனைத்தையும் கற்றும், களத்துக்குச் சென்று பாராதவர் நிலவியலார் ஆகமாட்டார். ஆகவே களப்பயணம் அவருடைய பாடத்தில் நீங்காத இடம் பெற்றது. சுத்தியலும் திசைகாட்டியும் குறிப்பேடும் ஏந்தி மாணவியர் கல்வெட்டுக் குழிகளுக்கும் ஓடைக் கரைகளுக்கும் சென்றனர். கண்டதை அன்றே குறிப்பதும், குறித்ததை வரைபடத்தில் ஏற்றுவதும், ஏற்றியதை ஆய்வுக்கூடத்தில் சரிபார்ப்பதும் அவர்களுக்குப் பழக்கமாயின. அரைகுறை வேலையை அவர் ஏற்பதில்லை. கண்டிப்பான ஆசிரியை என்று பெயர் வாங்கினார். அக்கண்டிப்புக்கு அஞ்சிய மாணவியரும் உண்டு. பெண்கள் என்பதற்காகத் தரத்தைக் குறைத்தால், வெளியுலகம் அவர்களை ஒருபோதும் நிலவியலாராக ஏற்காது என்பதைத் தம் சொந்த அனுபவத்தில் அவர் அறிந்திருந்தார்.

ஒரு சோதனை

நான்கு ஆண்டுகளுக்குள் பெருஞ்சோதனை ஒன்று வந்தது. கல்லூரியின் தலைவர் கேரி தாமஸ் அம்மையார் 1899இல் நிலவியலை முதன்மைப் பாடம் என்ற நிலையிலிருந்து நீக்கி, விருப்பப் பாடமாகக் குறைக்க முனைந்தார். இதில் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. கேரி தாமஸ் பெண்கல்விக்குப் பகைவர் அல்லர். அவரும் இளமையில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தை நாடி, வகுப்பில் அமர அனுமதியின்றித் திரும்பியவர். சுவிட்சர்லாந்து நாட்டுக்குச் சென்று சூரிக் நகரில் 1882இல் முனைவர் பட்டம் பெற்றவர். ஒரே கதவு இருவரையும் தடுத்திருந்தது. பெண்கள் படிக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதை, எவ்வளவு ஆழமாகப் படிக்க வேண்டும் என்பதிலேயே வேறுபட்டனர்.

விருப்பப் பாடமானால் என்ன குறை என்று நமக்குத் தோன்றலாம். விருப்பப் பாடமாகப் படிப்பவள் கற்களின் பெயரை அறிவாள். சில அழகிய செய்திகளைத் தெரிந்துகொள்வாள். ஆனால் அதைக் கொண்டு அவள் மேற்படிப்புக்குச் செல்ல இயலாது; ஆய்வாளராகப் பணியில் சேரவும் இயலாது. முதன்மைப் பாடமாகப் படிப்பவளுக்கே அந்தக் கதவுகள் திறக்கும். திரைக்குப் பின் அமர்ந்து தாம் பெற்ற கல்வி தம்மோடு முடிந்துவிடுமா, அடுத்த தலைமுறைக்குச் செல்லுமா என்பதே அன்று எழுந்த கேள்வி.

பாஸ்கம் அம்மையார் பதவியைத் துறக்கத் துணிந்தார். நல்ல ஊதியமுள்ள பேராசிரியப் பணி ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. விட்டால் மற்றொன்று கிடைக்கும் என்ற உறுதி இல்லை. எனினும் அவர் பின்வாங்கவில்லை. முடிவில் கல்லூரியின் அறங்காவலர்கள் நிலவியலை மீண்டும் முதன்மைப் பாடமாகவே நிலைநிறுத்தினர். அத்துறை மேற்பட்டப் படிப்பும் ஆராய்ச்சியும் கொண்டதாக வளர்ந்தது. அவர் 1906இல் முழுப் பேராசிரியராக உயர்ந்தார்.

களத்தில் ஒரு பெண்

கல்லூரிக்கு வந்த மறு ஆண்டே, 1896இல், அமெரிக்க அரசின் நிலவியல் ஆய்வுத் துறை அவரைத் துணை நிலவியலாராக நியமித்தது. அத்துறையில் நிலவியலாராகப் பணியமர்த்தப்பட்ட முதல் பெண் அவரே. கோடை விடுமுறையில் குதிரைமீதும் குதிரை வண்டியிலும் சென்று பாறைகளை ஆராய்வார். குளிர்காலத்தில் அவற்றை நுண்ணோக்கியில் காண்பார். அதற்கிடையே வகுப்புகளையும் நடத்துவார். தரையைத் தொடும் பாவாடையும் முழுக்கைச் சட்டையும் அணிந்தே அக்காலப் பெண்கள் மலையேற வேண்டியிருந்தது.

பென்சில்வேனியா, மேரிலாந்து, டெலவேர், நியூஜெர்சி மாநிலங்களின் ஒரு பகுதியாக விளங்கும் பீட்மான்ட் என்னும் மலையடிவார நிலமே அவருடைய ஆய்வுக் களம். பன்முறை மடிந்து, நசுங்கி, வெந்து உருமாறிய பாறைகள் நிறைந்த பகுதி அது. அவரும் உடன் பணிபுரிந்தோரும் தயாரித்த பிலடெல்பியா, டிரென்டன் பகுதிகளின் நிலவியல் வரைபடத் தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. எல்க்டன், வில்மிங்டன் பகுதித் தொகுதி 1920இல் வெளிவந்தது. தாம் போதுமான அளவு கற்றுவிட்டோம் என்று அவர் ஒருபோதும் எண்ணவில்லை. நாற்பத்தைந்தாம் வயதை எட்டிய வேளையில், 1907இல், ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகருக்குச் சென்று விக்டர் கோல்ட்ஷ்மிட் என்ற அறிஞரிடம் மாணவியாக அமர்ந்து படிகவியல் கற்று வந்தார். அங்கே அவர் முன்னால் திரை இருக்கவில்லை.

அமெரிக்க நிலவியல் கழகம் 1924இல் அவரைத் தன் ஆட்சிக்குழுவிலும், 1930இல் துணைத் தலைவர் பதவியிலும் அமர்த்திச் சிறப்பித்தது. பெண் ஒருவர் அக்கழகத்தில் இப்பொறுப்புகளை ஏற்றது அதுவே முதல் முறை.

மாணவியரே அவர் செல்வம்

ஆசிரியர் ஒருவரின் உண்மையான பெருமை அவர் மாணவரிடம் விளங்கும். பாஸ்கம் அம்மையாரிடம் பயின்ற ஐடா ஓகில்வி, நியூயார்க் நகரின் பார்னார்டு பெண்கள் கல்லூரியில் நிலவியல் துறையை நிறுவினார். ஜூலியா கார்டனர் புதைபடிவச் சிப்பிகளை ஆராய்வதில் புகழ்பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் வெடிகுண்டுகளை ஏற்றிய பலூன்களைக் காற்றில் மிதக்கவிட்டு அமெரிக்காவை நோக்கி அனுப்பினர். அவற்றில் பாரமாகக் கட்டியிருந்த மூட்டைகளின் மணலை ஆராய்ந்து, அது ஜப்பானின் எந்தக் கடற்கரையைச் சேர்ந்தது என்று கண்டறிய முயன்ற குழுவில் கார்டனரும் இடம்பெற்றார். மணலில் கலந்திருந்த நுண்ணிய உயிர்களின் ஓடுகள் அதற்குத் துப்புக் கொடுத்தன.

எலனோரா பிளிஸ், அன்னா ஜோனாஸ் என்னும் இரு தோழியரும் அவரிடமே பயின்று 1912இல் முனைவர் பட்டம் பெற்றனர். பின்னர் அரசின் நிலவியல் ஆய்வுத் துறையிலும் பணிபுரிந்தனர். பீட்மான்ட் பாறைகளின் வயதைப் பற்றி அவர்கள் தம் ஆசிரியையின் முடிவுக்கு மாறான கருத்தைக் கண்டனர். அதை அச்சிலும் வெளியிட்டனர். ஆசிரியை தம் கருத்தைச் சான்றுகளோடு எடுத்துரைத்தார். மாணவியரும் சான்றுகளோடு மறுத்தனர். இது நமக்கு வியப்பாக இருக்கலாம். ஆசிரியர் சொன்னதையே திருப்பிச் சொல்லும் மாணவியரை உருவாக்குவது எளிது. தாமே கண்டு, தாமே அளந்து, தாம் கண்டதை எவர்முன்னும் எடுத்துரைக்கும் மாணவியரை உருவாக்குவதுதான் அரிது. அந்த அரிய செயலை அவர் செய்தார். அதன் விளைவைத் தாமே சந்திக்கவும் நேர்ந்தது.

அவர் 1928இல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பின்னும் சில ஆண்டுகள் ஆய்வுப் பணியைத் தொடர்ந்தார். அமெரிக்க நிலவியல் கழகத்தில் 1937இல் உறுப்பினராக இருந்த பெண்கள் பதினொருவருள் எண்மர் பிரின் மார் கல்லூரியில் பயின்றவர்கள். பொருள்கள் போட்டு வைக்கும் இடத்தில் தொடங்கிய ஓர் ஈராண்டுப் பாடம் அளித்த கனி இது.

பாஸ்கம் அம்மையார் 1945ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள், எண்பத்திரண்டாம் வயதில் இயற்கை எய்தினார். வெள்ளிக் கோளில் உள்ள ஒரு பெருங்குழிக்கும், 1985இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

நாம் கற்க வேண்டியவை

இவ்வரலாற்றைப் படிக்கும் மாணவியர் அனைவரும் நிலவியலே படிக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆனால் எந்தப் படிப்பைத் தேர்ந்தாலும் அதை அவர் திட்டமிட்டதுபோல் திட்டமிட வேண்டும் என்று கூறுவோம். தோழி சேர்ந்தாள் என்பதற்காகவோ, பெயர் அழகாக உள்ளது என்பதற்காகவோ ஒரு படிப்பில் சேர்வது நன்றன்று. அப்படிப்புக்கு எந்த அடிப்படைப் பாடங்கள் வேண்டும்? அவற்றில் நாம் எங்கே வலுவிழந்துள்ளோம்? சேர விரும்பும் கல்லூரியில் ஆய்வுக்கூடம் உண்டா? களப்பயணம் உண்டா? அங்கே பெறும் பட்டம் மேற்படிப்புக்கும் பணிக்கும் வழி திறக்குமா? இவற்றை முன்னரே கேட்டறிந்து, ஆண்டு வாரியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நலம். கணிதமும் இயற்பியலும் கடினம் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே ஒதுக்கிவிட்டு, பின்னர் வாய்ப்பு இல்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மகள் மலைக்கும் காட்டுக்கும் களப்பயணம் செல்ல நேருமே என்று நீங்கள் கவலைப்படுவது இயல்பே. அக்கவலை அன்பிலிருந்து பிறப்பது. பாதுகாப்பைப் பற்றிக் கல்லூரியில் தயங்காமல் கேளுங்கள். தக்க விடை கிடைத்தபின் அவளைத் தடுக்காதீர்கள். ஜான் பாஸ்கமும் எம்மா பாஸ்கமும் தம் மகளைத் தடுக்கவில்லை. ஆகவே பல பெற்றோரின் புதல்வியருக்கு வழி பிறந்தது.

நம் ஆண்டவர் கூறிய தாலந்து உவமையில், பெற்ற தாலந்தை நிலத்தில் புதைத்து வைத்த ஊழியன் கடிந்துகொள்ளப்பட்டதை நாம் அறிவோம். பாஸ்கம் அம்மையாரோ நிலத்தைத் தோண்டியே தம் தாலந்தைப் பெருக்கினார். அவர் முன் நிறுத்திய திரை இன்று நம் வகுப்பறைகளில் இல்லை. ஆனால் இது உனக்கு வேண்டாம், உன்னால் ஆகாது என்று நம் மனத்துக்குள் நாமே நிறுத்திக்கொள்ளும் திரை இன்னும் இருக்கிறது. இறைவன் நமக்கு அளித்த அறிவையும் வாய்ப்பையும் நன்கு பயன்படுத்தி, அத்திரையை விலக்கி முன்னேற முயல்வோமாக.